வகை மாறும்போது எது தொலைகிறது?

எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கொஞ்சம் பணம் அனுப்புகிறோம். பட்டியல் தயாரிக்கும் வேலை என்னுடையது. ஒரு வருடம் பணம் அனுப்பிய மறுநாளே பொருளாளர் அண்ணன் போனில் கூப்பிட்டார். “தம்பி, பதினோரு பேருக்குப் போன பணம் திரும்பி வந்துடுச்சு. அக்கவுண்ட் நம்பர் தப்புன்னு பேங்க்ல சொல்றாங்க. நீ சரியாத்தானே அடிச்சே?”

சரியாகத்தான் அடித்திருந்தேன். பாஸ்புக் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்து அடித்தது. ஆனால் எக்செல் கோப்பைத் திறந்து பார்த்தால், பதினாறு இலக்கக் கணக்கு எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தன. 003 என்று தொடங்க வேண்டிய எண்கள் 3-இல் தொடங்கின. எந்த இடத்திலும் எச்சரிக்கை வரவில்லை, சிவப்புக் கோடு விழவில்லை. பதினொன்றையும் திரும்ப நகல்களோடு ஒப்பிட்டு உட்கார்ந்து திருத்த ஒரு ராத்திரி ஆனது. ஒரு பெண்ணுக்கு விடுதிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் அது. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை.

நடந்தது இதுதான். நான் அடித்தவை இலக்கங்களாக இருந்ததால், இது ஓர் எண் என்று எக்செல் தானாகவே முடிவு செய்துவிட்டது. அதனிடம் எண்ணுக்கு இருக்கும் துல்லியம் 15 இலக்கம். பதினாறாவது இலக்கத்தை வைத்துக்கொள்ள இடமில்லை, பூஜ்யமாக்கிவிட்டது. முன்னால் நிற்கும் பூஜ்யங்களுக்கு எண் என்ற முறையில் மதிப்பு கிடையாது, அவற்றையும் தள்ளிவிட்டது. எழுத்துச் சரமாக, அதாவது எழுத்துகளின் வெறும் வரிசையாக, உள்ளே போனது எண்ணாக மாறியது. நிரலாக்கத்தில் இதற்குப் பெயர் வகை மாற்றம், டைப் கன்வர்ஷன். யாரும் கேட்காமலேயே நடந்த வகை மாற்றம்.

கணக்கு எண் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அது எண்ணே இல்லை. இரண்டு கணக்கு எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, சராசரி எடுப்பதில்லை. இலக்கங்களால் எழுதப்பட்ட ஒரு பெயர் அது. கைபேசி எண்ணும், பின்கோடும், பதிவு எண்ணும் அப்படியே. ஒரு தகவலுக்கு எந்த வகை என்பது, அது எப்படித் தோன்றுகிறது என்பதைப் பொறுத்தது இல்லை. அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. டேட்டா டைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

பிட்டுக்குத் தன் பெயர் தெரியாது

கணினியின் நினைவகத்தில் எண்ணும் கிடையாது, எழுத்தும் கிடையாது. 0, 1 என்ற பிட்டுகள் வரிசையாக நிற்கின்றன, அவ்வளவுதான். பதினாறு பிட்டும் 1 ஆக இருக்கும் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். குறியில்லாத, அதாவது மைனஸுக்கு இடமில்லாத, முழு எண்ணாகப் படித்தால் அது 65535. குறியுள்ள முழு எண்ணாகப் படித்தால் அதே பிட்டுகள் மைனஸ் 1. இரண்டில் எது சரி என்று அந்தப் பிட்டுகளைக் கேட்டால் அவற்றுக்குத் தெரியாது. படிக்கிறவருக்குத்தான் தெரிய வேண்டும். அந்த அறிவைத்தான் வகை என்கிறோம்.

தமிழில் கணினியைப் பயன்படுத்துகிற எல்லோரும் இதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருப்பார்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு பட்டியலில் ‘த’ என்ற எழுத்துக்கு வரிசை எண் 2980. இணையத்தில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் அதைச் சேமித்தால் 224, 174, 164 என்று மூன்று பைட்டுகள் ஆகும் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்டு). அந்தக் கோப்பை, ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று எண்ணிக்கொண்டிருக்கும் மென்பொருளில் திறந்தால், ‘த’ மூன்று எழுத்துகளாக உடைகிறது: தலையில் சாய்கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்து, வட்டத்துக்குள் நிற்கும் பதிவுக் குறி, நான்கு மூலையிலும் கால் நீட்டிய ஒரு நாணயக் குறி. காற்புள்ளி போட்டுப் பிரித்த பட்டியலான சிஎஸ்வி கோப்பை அவசரத்தில் திறந்து, பெயர்ப் பட்டியல் முழுக்க இந்தச் சாய்கோடும் வட்டமுமாக நிற்பதைப் பார்த்துத் திகைக்காதவர் யார்? கோப்பில் ஒரு பிட்கூடக் கெடவில்லை. படித்த விதம்தான் தப்பு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கல்லூரித் தேர்வில், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மொழிபெயர்க்கும் கம்பைலர் தானாகச் செய்வது கன்வர்ஷன், நாம் எழுதிச் செய்யவைப்பது காஸ்டிங் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். தப்பில்லை. ஆனால் வேலைக்கு உதவும் பிரிவு வேறு ஒன்று. மதிப்பைக் காப்பாற்றுவதற்காகப் பிட்டுகளை மாற்றி எழுதுவது ஒரு வேலை. பிட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கும் விதத்தை மட்டும் மாற்றுவது இன்னொரு வேலை. 5 என்ற முழு எண்ணை 5.0 என்ற ஃப்ளோட் (புள்ளி வைத்த எண்) ஆக்கினால் மதிப்பு அதே 5, உள்ளே இருக்கும் பிட்டுகள் முற்றிலும் வேறு. அதே 5-இன் பிட்டுகளைத் தொடாமல், இதை ஃப்ளோட் என்று வாசி என்று சொன்னால் பூஜ்யத்தை ஒட்டிய ஏதோ ஒரு மிகச்சிறிய பின்னம் வரும். சி மொழியில் இரண்டையும் அடைப்புக்குறிக்குள் வகையின் பெயரைப் போட்டே செய்யலாம், நேராகப் போட்டால் முதலாவது, நினைவக இடத்தைச் சுட்டும் பாயின்டர் வழியாகப் போட்டால் இரண்டாவது. சி++ மொழி இதைப் பார்த்துத்தான் ஸ்டாட்டிக் காஸ்ட், ரீஇன்டர்பிரட் காஸ்ட் என்று தனித்தனிப் பெயர் கொடுத்தது. இரண்டாவதன் பெயர் நீளமாக, எழுதவே கை தயங்கும்படி இருப்பது நல்லது என்பது என் கருத்து.

ஆழாக்கும் மரக்காலும்

சிறிய வகையிலிருந்து பெரிய வகைக்குப் போவது சுலபம். ஆழாக்கு அரிசியை மரக்காலில் கொட்டுவதில் என்ன சிரமம்? மரக்கால் அரிசியை ஆழாக்கில் கொட்டினால்தான் சிந்தும். 8 பிட் பைட்டில் 127 வரைதான் கொள்ளும் என்றிருக்கும் ஜாவா மொழியில், 200-ஐ வலுக்கட்டாயமாகப் பைட் ஆக்கினால் மைனஸ் 56 கிடைக்கிறது. மேல் பிட்டுகளை வெட்டிவிட்டு மிச்சத்தைக் குறியுள்ள எண்ணாகப் படித்தால் அதுதான் வரும். அதனால்தான் ஜாவா, இப்படிச் சுருக்கும் மாற்றங்களை நீயே வாய்விட்டுச் சொல் என்று கேட்கிறது. பெரிதாக்கும் மாற்றங்களைக் கேட்காமலே செய்து கொடுக்கிறது.

ஆனால் பெரிதாக்குவது எப்போதும் பத்திரம் என்று நம்பிவிடக் கூடாது. 32 பிட் முழு எண்ணை 32 பிட் ஃப்ளோட் ஆக்குவதை ஜாவா பெரிதாக்கும் மாற்றமாகவே கருதி அனுமதிக்கிறது. எல்லையைப் பார்த்தால் ஃப்ளோட் மிகப் பெரியதுதான். துல்லியத்தைப் பார்த்தால் அதனிடம் இருப்பது 24 பிட் மட்டும். 16777217-ஐ அதில் போட்டால் 16777216 ஆகிவிடும். பாத்திரம் அகலம், ஆனால் அடி ஓட்டை. ஜாவாஸ்கிரிப்டில் வழக்கமான எண்கள் எல்லாமே 64 பிட் மிதவைப் புள்ளி எண்கள் (ஃப்ளோட் வகைதான்) என்பதால், அங்கே 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களையும் பிரித்துச் சொல்ல முடியாது. 2010-இல் ட்விட்டர் தன் பதிவுகளுக்கு 64 பிட் அடையாள எண்களைக் கொடுக்கத் தொடங்கியபோது, அதே எண்ணைச் சரமாகவும் கூடவே அனுப்பியது இதற்காகத்தான். எண்ணாக மட்டும் அனுப்பினால், உலாவிக்குள் போனதும் கடைசி இலக்கங்கள் மாறி, வேறு யாருடைய பதிவையோ காட்டிவிடும். கணக்கு எண் எனக்குச் செய்ததையே அடையாள எண் அவர்களுக்குச் செய்யப் பார்த்தது.

எல்லை, துல்லியம் இரண்டும் போக, வகுத்தல் என்று ஒன்று இருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்க, பொறியியல் கட்-ஆஃப்தான் எனக்குக் கைகொடுக்கிறது. கணக்கு நூற்றுக்கு, இயற்பியல் பாதி, வேதியியல் பாதி, மொத்தம் 200. ஒருவர் கணக்கில் 98, இயற்பியலில் 95, வேதியியலில் 97 எடுத்திருக்கிறார். 98, 47.5, 48.5, கூட்டினால் 194. இதையே சி மொழியில் எல்லா மாறிகளையும் முழு எண்ணாக அறிவித்துவிட்டு எழுதினால் 95-இல் பாதி 47, 97-இல் பாதி 48, மொத்தம் 193. இரண்டு முழு எண்களை வகுத்தால் விடையும் முழு எண்தான் என்பது அந்த மொழியின் விதி. ஒரு முழு மதிப்பெண் எங்கேயோ போய்விட்டது. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று பிளஸ் டூ முடித்த எந்தப் பிள்ளையையும் கேட்டுப் பாருங்கள்.

உடனே ஒரு மாணவி எழுந்து, “சார், முன்னாடி ஃப்ளோட்னு காஸ்ட் போட்டுட்டா சரியாயிடுமே” என்பாள். எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 95-க்கு முன்னால் போட்டால் 95.0 ஆகி, பிறகு வகுபட்டு 47.5 வரும். வகுத்தல் முழுவதையும் அடைப்புக்குள் வைத்து அதற்கு முன்னால் போட்டால், முதலில் 47 ஆகிவிடும், அப்புறம் 47.0 ஆகும். போன அரை மதிப்பெண் திரும்பாது. இன்னொன்றும் இருக்கிறது. இயற்பியலையும் வேதியியலையும் முதலில் கூட்டிவிட்டு வகுத்தால் 192-இல் பாதி 96, விடை சரியாகவே வருகிறது, காஸ்ட் இல்லாமலேயே. கூட்டுத்தொகை ஒற்றைப்படையாக இருக்கும் பிள்ளை வரும்வரை அந்தப் பிழை வெளியே தெரியாது. வகைப் பிழைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவை: நாம் கொடுத்துப் பார்த்த உதாரணத்தில் ஒளிந்துகொள்ளும்.

பைத்தானின் பழைய பதிப்புகளிலும் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3-தான். 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை 3.5 என்று மாற்றி, முழு எண் வகுத்தலை ஏற்கெனவே இருந்த இரட்டைச் சாய்கோடு என்ற தனிக் குறிக்கு விட்டுவிட்டது. அந்த இரட்டைச் சாய்கோடும் சி மொழியின் வகுத்தலும் ஒன்றல்ல. மைனஸ் 7-ஐ 2-ஆல் வகுத்தால் சி மொழியில் மைனஸ் 3, பைத்தானில் மைனஸ் 4. ஒன்று பூஜ்யத்தை நோக்கி வெட்டுகிறது, மற்றொன்று கீழ்நோக்கி இறங்குகிறது.

கூரூவில் 39 விநாடி

வகை மாற்றத்தைப் பற்றி எழுதிவிட்டு ஏரியான் 5 ராக்கெட்டைச் சொல்லாமல் போக முடியாது. பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் கதை இது. 64 பிட் எண்ணை 16 பிட்டில் போட்டார்கள், வெடித்துவிட்டது என்பார்கள். அந்த வரி உண்மைதான், ஆனால் கதையின் சாரம் அதில் இல்லை.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புதிய ராக்கெட்டுக்கு அது முதல் பயணம். உள்ளே, பூமியின் காந்த மண்டலத்தை ஆராய்வதற்கான நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்கள். ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவியின் மென்பொருள், முன்பு வெற்றிகரமாகப் பறந்துகொண்டிருந்த ஏரியான் 4-இலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கட்டும் என்று அந்தக் கருவி இரண்டு, இரண்டிலும் ஒரே மென்பொருள்.

அதில் ஒரு பகுதி, ராக்கெட் தரையில் நிற்கும்போது கருவியை நேர்ப்படுத்துவதற்கானது. கிளம்பிய பிறகு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் ஏறத்தாழ 40 விநாடி ஓடிக்கொண்டே இருந்தது. ஏன்? ஏரியானின் முந்தைய வடிவங்களில், கவுண்ட்டவுன் கடைசி விநாடிகளில் நிறுத்தப்பட்டால், கருவியை மறுபடியும் நேர்ப்படுத்த 45 நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தை மிச்சப்படுத்தவே நேர்ப்படுத்தும் வேலையைக் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் விட்டு வைத்தார்கள். 1989-இல் 33-ஆவது பயணத்தில் ஒரே ஒருமுறை அது உதவியது. ஏரியான் 5-க்கு அந்த ஏற்பாடு தேவையே இல்லை. நன்றாக ஓடுகிற மென்பொருளில் கை வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தப் பகுதிக்குள், கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பு 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணிலிருந்து 16 பிட் குறியுள்ள முழு எண்ணாக மாற்றப்பட்டது. 16 பிட்டில் கொள்ளக்கூடிய பெரிய எண் 32767. இப்படி ஆபத்துள்ள மாறிகள் ஏழு இருப்பதை எழுதியவர்கள் கண்டுபிடித்தே வைத்திருந்தார்கள். நான்குக்குப் பாதுகாப்புப் போட்டார்கள், மூன்றை விட்டார்கள். கவனக்குறைவால் அல்ல. அந்தக் கணினியின் வேலைச் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு இருந்தது, ஒவ்வொரு பாதுகாப்பும் கொஞ்சம் நேரத்தைத் தின்னும். அந்த மூன்று மாறிகளும் இயற்கையாகவே எல்லைக்குள் நிற்கும், அல்லது எல்லைக்கும் அவற்றுக்கும் நிறைய இடைவெளி உண்டு என்று கணக்குப் போட்டார்கள். ஏரியான் 4-க்கு அந்தக் கணக்கு சரி. ஏரியான் 5 கிளம்பிய உடனே கிடைமட்ட வேகத்தை ஐந்து மடங்கு விரைவாகக் கூட்டும் ராக்கெட். அதன் பறக்கும் பாதையின் விவரங்களை அந்தக் கருவிக்கான தேவைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று எல்லோரும் கூடிப் பேசி ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பி 37-ஆவது விநாடி நெருங்கும்போது அந்த எண் 32767-ஐத் தாண்டியது. மென்பொருள் எழுதப்பட்டது ஏடா மொழியில். சி மொழியாக இருந்திருந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது, எல்லை மீறிய இத்தகைய மாற்றத்துக்கு அங்கே வரையறையே கிடையாது. ஏடா ஒழுங்காகச் சோதித்தது, கொள்ளாது என்று கண்டது, பிழை என்று கத்தியது. பிழை வந்தால் என்ன செய்வது என்று வடிவமைத்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: கணினியை நிறுத்திவிடு. வன்பொருள் எப்போதாவது ஒன்று கெடும், உடனே மற்றொன்றுக்கு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் எழுதிய விதி அது. மாற்றுக் கருவி முதலில் நின்றது. 72 மில்லி விநாடி நீளமுள்ள அடுத்த சுற்றில் முதன்மைக் கருவியும் அதே காரணத்துக்காக நின்றது. ஒரே மென்பொருள், ஒரே எண், ஒரே முடிவு.

இதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். நின்றுபோன கருவி, எனக்கு என்ன ஆனது என்று சொல்லும் ஒரு நோயறி செய்தியைத் தன் தடத்தில் அனுப்பியது. ராக்கெட்டின் முதன்மைக் கணினி அந்தப் பிட்டுகளைப் பெற்றுக்கொண்டு, ராக்கெட்டின் நிலையைச் சொல்லும் அளவுகளாக வாசித்தது. அதுவும் ஒரு வகைப் பிழைதான். முதலாவது, மதிப்பைக் காப்பாற்ற முயன்று முடியாமல் போன மாற்றம். இரண்டாவது, பிட்டுகளை அப்படியே வேறு பொருளில் படித்தது. ராக்கெட் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. கணினிக்கு மட்டும் அது பெரிய அளவில் திரும்பிவிட்டதாகத் தெரிந்தது. இல்லாத திருப்பத்தைச் சரிசெய்ய, நெருப்பு பீறிடும் குழல்களை முழுக்கச் சாய்த்தது. காற்றை 20 பாகைக்கும் மேலான கோணத்தில் எதிர்கொண்ட ராக்கெட்டிலிருந்து பக்கத்து பூஸ்டர்கள் பிய்ந்தன, தன்னழிப்பு ஏற்பாடு வேலை செய்தது. அப்போது உயரம் நாலு கிலோமீட்டர்கூட இல்லை.

பிரெஞ்சுக் கணிதவியலர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு அடுத்த மாதமே, ஜூலை 19-ஆம் தேதி, அறிக்கையைக் கொடுத்தது. மென்பொருள் எழுதும் யாரும் படிக்க வேண்டிய அறிக்கை. கிளஸ்டர் செயற்கைக்கோள்களை மறுபடியும் செய்து, 2000-ஆம் ஆண்டு பைக்கானூரிலிருந்து சோயுஸ் ராக்கெட்டுகளில் இரண்டிரண்டாக அனுப்பினார்கள்.

அந்த எண் அப்போது எதற்கும் தேவைப்படவில்லை என்பதை வைத்து, சோதிக்காமலே விட்டிருந்தால் ராக்கெட் பிழைத்திருக்குமே என்று சிலர் வாதாடுவார்கள். பிழைத்திருக்கலாம். ஆனால் அடுத்த பயணத்தில் தேவையான ஓர் எண் சத்தமில்லாமல் கெட்டிருந்தால்? சோதனை தப்பில்லை. 32767 போதும் என்ற முடிவு எந்த ராக்கெட்டுக்காக எடுக்கப்பட்டது என்பது, அந்த வரியை எடுத்துப் பயன்படுத்தியவர்கள் கண்ணில் படாமல் போனதுதான் தப்பு. ஒவ்வொரு வகை மாற்றத்துக்குள்ளும் இப்படி ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. வரியை நகலெடுக்கும்போது அனுமானமும் கூடவே வருகிறது, அதற்கான காரணம் வருவதில்லை.

இதை எழுதும்போது, அதற்கு ஐந்து வருடம் முந்தைய இன்னொரு சம்பவமும் நினைவுக்கு வருகிறது. வளைகுடாப் போரில், 1991 பிப்ரவரி 25 அன்று, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படைவீரர்கள் தங்கியிருந்த இடத்தின் மீது ஸ்கட் ஏவுகணை விழுந்து 28 பேர் இறந்தார்கள். அதைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு, நேரத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்காக, முழு எண்ணாக எண்ணிக்கொண்டிருந்தது. விநாடியாக மாற்ற 0.1-ஆல் பெருக்க வேண்டும். மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுதினால் முடியாமல் நீள்வதுபோல, இரும எண்களில் 0.1 முடிவில்லாமல் நீளும். 24 பிட்டோடு வெட்டினால் ஏறக்குறைய 0.000000095 குறையும். ஒரு தடவைக்கு அது ஒன்றுமே இல்லை. அந்தக் கருவி அன்று நூறு மணி நேரமாக அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. நூறு மணி நேரத்தில் 36 லட்சம் பத்தில்-ஒரு-விநாடிகள். பெருக்கிப் பாருங்கள், 0.34 விநாடி. ஸ்கட் அதற்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். வானத்தில் தவறான இடத்தில் தேடிய அமைப்பு, அங்கே ஒன்றுமில்லை என்று முடிவுகட்டியது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது.

கேட்காமல் செய்யும் உதவி

ராக்கெட்டிலிருந்து இறங்கி நம் மேசைக்கு வருவோம். இங்கே ஆபத்து, மொழிகளும் மென்பொருள்களும் நமக்கு உதவ நினைத்துத் தாங்களாகவே செய்யும் மாற்றங்களில் இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில், மேற்கோளுக்குள் இருக்கும் ‘5’ என்ற சரத்தோடு 3 என்ற எண்ணைக் கூட்டினால் ‘53’ வரும். அதே சரத்திலிருந்து 3-ஐக் கழித்தால் 2 வரும். கூட்டல் குறிக்கு அங்கே இரண்டு வேலை: எண்களைக் கூட்டுவது, சரங்களை ஒட்டுவது. ஒரு பக்கம் சரம் இருந்தால் ஒட்டும் வேலையை எடுத்துக்கொள்கிறது. கழித்தல் குறிக்கு ஒரே வேலை என்பதால் சரத்தை எண்ணாக்கிவிடுகிறது. படிவத்தில் பயனர் அடிக்கும் எதுவும் சரமாகத்தான் வரும் என்பதால், இரண்டு பெட்டிகளில் வாங்கிய தொகையைக் கூட்டி, 500-ம் 200-ம் 500200 ஆவதைப் பார்க்காத வலைப்பக்கம் எழுதுபவர் குறைவு. இரட்டைச் சமக்குறி இன்னும் மோசம். அங்கே வெற்றுச் சரமும் 0-வும் சமம், 0-வும் ‘0’ என்ற சரமும் சமம், ஆனால் வெற்றுச் சரமும் ‘0’ என்ற சரமும் சமமில்லை. பிஎச்பி மொழியில் 0-ஐயும் ஏதோ ஒரு சொல்லையும் ஒப்பிட்டால் சமம் என்றே நெடுநாள் விடை வந்துகொண்டிருந்தது. 2020-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் திருத்தினார்கள். பைத்தான் இந்த இடத்தில் கறார். சரத்தோடு எண்ணைக் கூட்டச் சொன்னால் மாட்டேன் என்று பிழை காட்டி நிற்கும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். நாலு பிழைகளைத் தேடி அலைந்த பிறகு அந்தக் கறாரின் அருமை புரியும்.

எக்செல் விஷயத்துக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் மரபணு ஆய்வாளர்கள் பட்ட பாடு எனக்கு நேர்ந்ததைவிடப் பெரியது. மனித மரபணுக்களில் செப்ட்2, மார்ச்1 என்று குறியீடுகள் இருந்தன. எக்செல்லில் அடித்தால் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாறிவிடும். தேதியான பிறகு உள்ளே இருப்பது ஒரு நாள் எண்ணிக்கை மட்டுமே, பழைய பெயர் அங்கே இல்லை. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் கண்டது. கடைசியில் 2020-இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழுவே இறங்கிவந்து, அவற்றை செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றியது. ஒரு அட்டவணை மென்பொருளுக்காக மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று. தானாக மாற்றுவதை அணைக்கும் வசதி எக்செல்லில் 2023-இல்தான் பரவலாக வந்தது. இவ்வளவு தாமதத்துக்கு ஒரு நியாயமும் எனக்குத் தோன்றவில்லை.

நம் எழுத்திலேயே ஓர் அழகான உதாரணம் இருக்கிறது. ‘௧௨’ என்று தமிழ் இலக்கத்தில் எழுதிய சரத்தைப் பைத்தானிடம் கொடுத்து முழு எண்ணாக்கச் சொன்னால் 12 என்று சரியாகத் தரும். யூனிகோடு எவற்றையெல்லாம் தசம இலக்கம் என்று குறித்திருக்கிறதோ அவற்றையெல்லாம் அது ஏற்கும். ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், எண் அல்ல என்று சொல்லிவிடும். ஆனால் பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் பன்னிரண்டை ‘௰௨’ என்றுதான் எழுதினார்கள், பத்துக்குத் தனிக் குறி போட்டு. அதைக் கொடுத்தால் பைத்தானும் பிழை காட்டும். யூனிகோடில் ‘௰’ என்பதற்குப் பத்து என்ற மதிப்பு உண்டு, ஆனால் இட மதிப்பு முறையில் பயன்படும் இலக்கம் அது இல்லை. ‘௩௱௪௰௫’ என்பதை 345 ஆக்க, மூன்றை நூறால் பெருக்கு, நான்கைப் பத்தால் பெருக்கு, ஐந்தைக் கூட்டு என்று நாமே ஒரு சிறு நிரல் எழுத வேண்டும். சரத்திலிருந்து எண்ணுக்கு மாற்றுவது என்றால், அந்தச் சரம் எந்த முறையில் எழுதப்பட்டது என்று முன்கூட்டியே முடிவுசெய்வது என்று இதைக் காட்டித்தான் விளக்குகிறேன். பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

வேலையில் நான் பின்பற்றுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வரும் எதையும் வாசலிலேயே ஒருமுறை, சோதித்து, சரியான வகைக்கு மாற்றிவிடுவது. உள்ளே போன பிறகு ஆளாளுக்கு மாற்றிக்கொண்டிருக்க விடுவதில்லை. பணத்தை ரூபாயாக ஃப்ளோட்டில் வைப்பதில்லை, பைசாவாக முழு எண்ணில் வைப்பது. சுருக்கும் மாற்றம் வந்தால், கொள்ளுமா என்று கேட்டு, கொள்ளாவிட்டால் என்ன செய்வது என்றும் அங்கேயே எழுதுவது. ரஸ்ட் போன்ற மொழிகளில் தோல்வியைத் திருப்பித் தரும் மாற்றம் தனியாகவே உண்டு, அதைப் பயன்படுத்தலாம். கோ மொழியில் இரண்டு வெவ்வேறு அளவு முழு எண் மாறிகளைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல் கூட்ட முடியாது. அப்புறம், இந்த எல்லை ஏன் போதும் என்பதை மாற்றம் நடக்கும் வரிக்கு மேலேயே ஒரு குறிப்பாக எழுதி வைப்பது. ஏரியான் படித்ததிலிருந்து வந்த பழக்கம் அது.

இந்த வருடப் பட்டியலைப் போன வாரம் தொடங்கினேன். ஒரு பெயர்கூட அடிக்கும் முன்னால், கணக்கு எண், கைபேசி எண், வங்கிக் கிளையின் குறியீடு மூன்று பத்திகளையும் முழுவதுமாகத் தேர்ந்தெடுத்து, வகையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினேன். அடித்து முடித்ததும் கோப்பை மூடி, மறுபடி திறந்து, முதல் பெயரைப் பார்த்தேன். கணக்கு எண் 00 என்று தொடங்கியது, கடைசியில் 7 இருந்தது. பாஸ்புக் நகலிலும் 7.